நீ அழித்த மூன்று வரி



தம்பி, நம் பீர் காய்ச்சும் கிளப்பின் விக்கியில் கேஸ்கேட் பேல் ஏல் பக்கத்தை நீ மாற்றி எழுதியிருப்பதை நேற்றிரவு படித்தேன். கேஸ்கேட் ஹாப்ஸ், பம்பளிமாஸ் தோலைக் கிள்ளினால் விரலில் நிற்கிற வாசம் என்று எழுதியிருக்கிறாயே, அந்த ஒரு வரிக்காகவே என் பானை, குழாய் அத்தனையையும் உன் பேருக்கு எழுதி வைக்கலாம். இதே ஒரேகானில், கொர்வாலிஸில் உருவாகி 1972இல் வெளிவந்த ஹாப்ஸ் அது. அன்றிலிருந்து எல்லோரும் கிரேப்ஃப்ரூட் கிரேப்ஃப்ரூட் என்றே ஓதிக்கொண்டிருந்தார்கள். சரியான பழத்தைச் சொல்ல நீ வர வேண்டியிருந்தது.

இனி வசவு.

பாத்திரம் கழுவுவது, கிருமி போக்குவது பற்றியெல்லாம் உனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. என்னைவிட நீ சுத்தக்காரன். என்னை உறுத்துவது 1.044 என்ற அடர்த்தி எண். ஹைட்ரோமீட்டர் அவ்வளவுதான் காட்டியது, ஆகவே ஐந்து காலனுக்கு அரைக் கிலோ சர்க்கரை சேர்க்கவும் என்று செய்முறையையே திருத்திவிட்டாய். மால்ட் சாறு, அந்த வோர்ட், எத்தனை சூட்டில் இருந்தது என்று எங்கே எழுதினாய்? உன் மீட்டர் 60 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு அளவு குறித்தது. 100 டிகிரி வோர்ட்டில் மிதக்கவிட்டால் ஏறக்குறைய ஆறு புள்ளி குறைத்துத்தான் காட்டும். கூட்டிப் பார், 1.050. பழைய செய்முறை சொன்ன அதே எண்! மால்ட் தன் வேலையைச் செய்திருக்கிறது. ஆறும்வரை நீதான் பொறுக்கவில்லை. உன் நோட்டில் எழுதியிருந்தால் உன் ஒரு ஈட்டோடு போயிருக்கும். விக்கியில் எழுதியதால் இன்னும் இரண்டு பேர் சர்க்கரையைக் கொட்டிக் காய்ச்சிவிட்டார்கள். மத்தியானம் குடிக்கிற பேல் ஏல், சாயங்காலம்வரை தூங்கவைக்கிற சரக்காகிவிட்டது.

விக்கி என்றால் ஹவாய் மொழியில் விரைவு. வார்ட் கன்னிங்ஹாம், நம் போர்ட்லாந்துக்காரர்தான், 1995இல் முதல் விக்கியைத் தொடங்கியபோது ஹொனலுலு விமான நிலையத்துப் பேருந்தின் பெயரை அதற்கு வைத்தார். மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு அந்த விரைவு சரி. ஈஸ்டுக்கு யார் போய்ச் சொல்வது?

சர்க்கரையையாவது பொறுத்துக்கொள்வேன். பக்கத்தின் அடியில் இருந்த மூன்று வரியை அழித்துவிட்டு, மாற்றக் குறிப்பில் 'சீர்படுத்தினேன்' என்று போட்டிருக்கிறாய். நீ சீர்படுத்தியது என் ஈட்டை. நான் இங்கே வந்த புதிதில், இட்லி மாவு பொங்க அடுப்புக்குள் விளக்கை எரியவிட்டுக் காத்திருந்த குளிர்காலம் ஒன்றில் காய்ச்சியது. மாவுக்குக் காட்டிய பொறுமையைப் பீருக்குக் காட்டவில்லை. நுரை அடங்கியதும் ஐந்தாம் நாளே குளிரில் வைத்துப் பாட்டிலில் அடைத்தேன். திறந்தால் கமகமவென்று நெய் வாசம். எனக்கு அது குறையாகவே தோன்றவில்லை, பொங்கல் நினைவு வந்தது. பெருமையோடு போட்டிக்குக் கொண்டுபோனேன். நடுவர் ஒரு மடக்கு குடித்து, 'டையாசெட்டில்' என்று எழுதி, தண்ணீர் கேட்டார். ஈஸ்ட் தான் விட்ட அந்த வெண்ணெய் வாசத்தைத் தானே தின்று தீர்க்க இன்னும் இரண்டு மூன்று நாள் வெதுவெதுப்பில் விட்டிருக்க வேண்டும். அந்த மூன்று வரியில் இருந்தது இவ்வளவுதான்.

போன மாதம் உன் ஈட்டில் பாப்கார்ன் வாசம் ஏன் வந்தது என்று எல்லோரிடமும் கேட்டாயே, நினைவிருக்கிறதா?

பழைய பதிப்பு வரலாற்றுப் பக்கத்தில் பத்திரமாக இருக்கிறது என்பாய். இருக்கிறது. அடுப்பில் வோர்ட் பொங்கி வழியும்போது எவன் போய் அதைத் தோண்டுவான்?

மூன்று வரியையும் இன்று காலையில் திரும்பப் போட்டுவிட்டேன். பம்பளிமாஸைத் தொடவில்லை. சர்க்கரையை எடுக்கவேண்டியது உன் வேலை. எடுத்த காரணத்தையும் அங்கேயே எழுது. சனிக்கிழமை வரும்போது அந்தப் பாப்கார்ன் ஈட்டில் இரண்டு பாட்டில் எடுத்து வா. எனக்குப் பிடிக்கும்.