சிப் காயில் இரைச்சலுக்கு ஹெச்.டி. லைன் காரணமா?

பெரம்பலூர், அரியலூர் பக்கம் மக்காச்சோளக் காட்டுக்கு மேலே ஹெச்.டி. (உயர் மின்னழுத்த) லைன் போகிற இடத்தில் மீடியம் வேவ் ரேடியோவைத் திருப்பினால் இரையும். பம்ப்செட் ஸ்டார்ட்டர் விழும்போதும் கரகரக்கும். இதைக் கேட்டே வளர்ந்தவர்களுக்கு அதிவேகச் சிப்புக்குள் இருக்கும் காயிலையும் இதுதான் கெடுக்கிறது என்று தோன்றுவது இயல்பு.

நம்பிக்கை: லைனோ சிமெண்ட் ஆலை மோட்டாரோ அருகில் இருந்தால் சிப் காயில் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலை இழுத்துக்கொள்ளும்.

உண்மை: ஃபாரடே 1831-லேயே காட்டிவிட்டார். காயிலில் எழும் மின்னழுத்தம் காந்தப்புலத்தின் வலு, காயிலின் பரப்பு, புலம் மாறும் வேகம் ஆகியவற்றைப் பொறுத்தது. 200 ஆம்பியர் ஓடும் ஒற்றைக் கம்பி 20 மீட்டர் தள்ளி 2 மைக்ரோடெஸ்லா புலம் தரும். மூன்று ஃபேஸ் சேர்ந்தால் அதுவும் குறையும். 200 மைக்ரான் சதுரக் காயிலில் அந்தப் புலம் எழுப்புவது, சுற்றுக்கு ஒரு வோல்ட்டில் 4000 கோடியில் ஒரு பங்கு. ரேடியோவில் கேட்பதுகூட 50 ஹெர்ட்ஸ் அல்ல; கம்பியைச் சுற்றியும் இன்சுலேட்டரிலும் நடக்கும் நுண்ணிய மின்கசிவுகளும் பொறிகளும் கிளப்பும் ரேடியோ அலைகள்.

இப்போது சிப்புக்குள் வாருங்கள். காயிலின் நடுவிலிருந்து 0.2 மில்லிமீட்டர் தள்ளி 2 மில்லிஆம்பியர் ஓடும் கம்பியும் அதே 2 மைக்ரோடெஸ்லாவைத் தரும். அந்த மின்னோட்டம் 5 கிகாஹெர்ட்ஸில் மாறினால் வேகம் 10 கோடி மடங்கு. விளைவு சுற்றுக்கு சுமார் 2.5 மில்லிவோல்ட். அந்தக் காயிலைக் கொண்டு இயங்கும் ஆசிலேட்டரின் அதிர்வெண்ணைத் தடுமாற வைக்க இது போதும். எதிரி ஊருக்கு வெளியே இல்லை, பக்கத்துக் கம்பியிலோ அடுத்த காயிலிலோ இருக்கிறான்.

நம்பிக்கை: காயிலுக்கு அடியில் உலோகத் தகடு போட்டால் எல்லாம் நின்றுவிடும்.

உண்மை: முழுத் தகடு போட்டால் அதில் சுழல் மின்னோட்டம் ஓடி காயிலின் தூண்டல் திறனையே குறைத்துவிடும். ஸ்டான்ஃபோர்டின் பேட்ரிக் யூவும் சைமன் வாங்கும் 1998-இல் வெளியிட்ட கவசத்தில் வேண்டுமென்றே கீறல்கள் விட்டார்கள். அந்தக் கவசம் சிலிக்கனுக்குள் இறங்கும் மின்புலத்தைத் தடுக்கும். பக்கத்துக் காயிலின் காந்தப்புலத்தைத் தடுக்காது.

நம்பிக்கை: 8 வடிவில் காயில் வரைந்தால் போதும்.

உண்மை: இரண்டு வளையங்களும் எதிரெதிராகச் சுற்றுவதால் சீரான புலம் கழிந்துபோகும். மிக அருகிலிருந்து வரும் புலம் சீராக இருக்காது, ஆகவே மிச்சம் நிற்கும்.

லேஅவுட் பழகும் தம்பி, தங்கைகளே, காயில்களுக்கு இடையிலான காந்த இணைப்பை முதலிலேயே சிமுலேஷனில் பாருங்கள். சிப் தயாராகி வந்த பிறகு காயிலை நகர்த்த முடியாது.