கொசஸ்தலைக் கரையிலிருந்து கடல் ஆய்வுக்கு

திருவாலங்காட்டில் பிறந்தவருக்குக் கடல் ஆராய்ச்சி எதற்கு என்று கேட்பவர்கள் கொசஸ்தலை ஆற்றை மறந்துவிடுகிறார்கள். நம் வட்டாரத்தைக் கடந்து பூண்டி ஏரிக்குப் போகும் அந்த ஆறு கடைசியில் எண்ணூரில்தான் கடலைச் சேர்கிறது. கும்மிடிப்பூண்டிக்காரர்களுக்குப் பழவேற்காடு ஏரி இன்னும் பக்கம். இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் சிலிகாவுக்கு அடுத்துப் பெரியது அது. ஆய்வுக்களம் நம் திருவள்ளூர் மாவட்டத்திலேயே இருக்கிறது.

படிப்புக்கு வருவோம். பிளஸ் டூவில் உயிரியல் எடுத்தவர்கள் பொன்னேரி டாக்டர் எம்.ஜி.ஆர். மீன்வளக் கல்லூரியில் நான்காண்டு பி.எஃப்.எஸ்சி. சேரலாம். விலங்கியல் போன்ற பட்டம் முடித்தவர்களுக்குப் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. அலை, நீரோட்டம், கருவிகள் பக்கம் போக ஆசைப்படுகிறவர்கள் இயற்பியலையும் கணிதத்தையும் விட்டுவிடக் கூடாது. 1993-இல் தொடங்கப்பட்டு இப்போது பள்ளிக்கரணையில் இயங்கும் தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தில் அவர்களுக்குத்தான் வேலை அதிகம். முனைவர் பட்டத்துக்கு சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வெழுதி ஜே.ஆர்.எஃப். ஆய்வு உதவித்தொகை வாங்கிவிடுங்கள். 2023-இல் உயர்த்தியபடி மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. கையில் உதவித்தொகை இருந்தால் வழிகாட்டியையும் தலைப்பையும் நீங்களே தேர்ந்தெடுக்கலாம்.

இதையெல்லாம்விடப் பெரிய முடிவு வேறு. எந்த நீரை உங்கள் நீராக எடுத்துக்கொள்ளப் போகிறீர்கள்? தாம்பரம் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியின் விலங்கியல் பேராசிரியர் பி.ஜே. சஞ்சீவ ராஜ் பழவேற்காட்டைப் பிடித்தவர், பல பத்தாண்டுகள் விடவே இல்லை. ஏரியின் விலங்கினங்கள் குறித்த அவருடைய நூலைத் தேசிய பல்லுயிர் ஆணையம் 2006-இல் வெளியிட்டது. ஒரே ஏரியில் இத்தனை காலமா என்று தோன்றலாம். அந்த ஏரியின் குணம் அப்படி. வடகிழக்குப் பருவமழை கொட்டினால் பல இடங்களில் தண்ணீர் கிட்டத்தட்ட நன்னீராகிவிடும். கோடையில் முகத்துவாரத்தை மணல் அடைத்தால் கடல்நீரைவிட உப்பு ஏறும். ஓராண்டுக் கணக்கை வைத்து மீன் குறைந்தது, இறால் கூடியது என்று சொல்வது ஆபத்து. நான் பார்த்தவரை, பத்து இடங்களில் ஒவ்வொரு முறை மாதிரி எடுத்தவரைவிட ஓர் இடத்தில் பத்தாண்டு எடுத்தவரின் சொல்லுக்கே மதிப்பு.

வேலை எப்படி இருக்கும்? நீர் ஏறும் நேரம், வற்றும் நேரம் பார்த்து விடியற்காலையில் படகேற வேண்டும். நீரில் கரைந்த ஆக்சிஜனை அளக்க, குமிழி புகாமல் புட்டியில் நீர் பிடித்து, படகிலேயே மாங்கனீசு உப்புக் கரைசலையும் கார அயோடைடையும் விட்டு மூடிக் குலுக்க வேண்டும். பழுப்பாக வீழ்படிவு திரண்டால் உயிர் வாழ ஆக்சிஜன் இருக்கிறது. வெள்ளையாகவே நின்றால் அந்த நீரில் மீனுக்கு மூச்சில்லை. கரைக்குப் போய்ச் செய்துகொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் அளவு மாறிவிடும். பிறகு சேற்றை அள்ளி, அரை மில்லிமீட்டர் சல்லடையில் அலசி, தங்கிய புழுவையும் மட்டியையும் ஆய்வகத்தில் இனம் பிரிக்க வேண்டும். முதுகு வலிக்கும் வேலை. இனம் பிரிக்கத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருவதால், இதைக் கற்றவரைத் தேடி வேலை வரும்.

எண்ணூரில் மீனவர்கள் காக்கா ஆழி என்று அழைக்கும் மட்டி, தென் அமெரிக்கக் கரையோரத்தைச் சேர்ந்த அயல் இனம். கப்பல்கள் நிலைதடுமாறாமல் இருக்க ஏற்றிவரும் நீரோடு வந்திருக்கக்கூடும் என்கிறார்கள். அது ஆற்றின் தரையைப் பாய் விரித்தாற்போல் மூடிவிட்டது, இறால் கிடைப்பதில்லை என்று மீனவர்கள் முறையிட்ட பிறகுதான் விஷயம் பெரிதாகி, தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. காலால் சேற்றைத் துழாவிக் கையால் இறால் பிடிப்பவருக்குத் தரை மாறியது முதலில் தெரியும். எனவே களத்துக்குப் போன முதல் நாளே கருவியை வெளியே எடுக்காதீர்கள். பழவேற்காட்டில் யாருக்கு எந்த இடத்தில் எந்த நாள் வலை என்று ஊரே வகுத்துக்கொள்ளும் பாடு முறை உண்டு. அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அண்ணன்மார்களிடம் அனுமதி பெற்றுப் படகை விடுங்கள். அவர்கள் சொன்னது ஆய்வில் இடம்பெற்றால், அவர்கள் சம்மதத்தோடு நன்றியும் பெயரும் கட்டுரையில் வரட்டும்.

நிரந்தர வேலை எளிதில் கிடைக்காது. மத்திய கடல்மீன், உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனங்களுக்கு ஏ.எஸ்.ஆர்.பி. தேர்வு எழுத வேண்டும். அதுவரை பெரும்பாலும் திட்டக்கால ஒப்பந்தப் பணிதான். துறைமுகங்களுக்கும் சிப்காட் ஆலைகளுக்கும் சுற்றுச்சூழல் கண்காணிப்பு செய்யும் ஆலோசனை நிறுவனங்களும் ஆள் எடுக்கின்றன. எங்கே சேர்ந்தாலும், திட்டம் எந்த மாதம் முடிகிறது, நீங்கள் எடுத்த தரவை உங்கள் பெயரில் கட்டுரையாக வெளியிட அனுமதி உண்டா என்ற இரண்டையும் சேரும்போதே எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.