தொண்டும் உத்தியோகமும்

மணிலா விற்ற பணத்தோடு நகையை அடகு வைத்த பணத்தையும் சேர்த்து மகளைச் செவிலியர் கல்லூரிக்கு அனுப்பிய குடும்பங்கள் செஞ்சி வட்டாரத்தில் பல உள்ளன. நான்காண்டுப் படிப்பை முடித்து மகள் ஊர் திரும்பியதும், “சம்பளமின்றிச் சிறிது காலம் தொண்டு செய்தால் உத்தியோகத்துக்கு வழி பிறக்குமா?” என்று பெற்றோர் நம்மிடம் வினவுகின்றனர். இதற்கு ஒரே சொல்லில் விடை கூறுதல் இயலாது.

முதலில் அரசுப் பணியை எடுத்துக்கொள்வோம். 2012இல் அமைக்கப்பெற்ற மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், 2015இல் செவிலியருக்குப் போட்டித் தேர்வு நடத்தியது. அத்தகைய தேர்வில் மதிப்பெண்ணே பேசும். தொண்டுச் சான்றிதழ் அதற்கு ஈடாகாது. கொரோனாக் காலத்தில் தற்காலிகமாக நியமனம் பெற்ற செவிலியர் 2,000க்கு மேற்பட்டோரின் ஒப்பந்தம் 2022 டிசம்பர் 31உடன் முடிவுற்றதை நாம் அறிவோம். ஊதியம் பெற்றுச் செய்த பணியே நிலையான உரிமையைத் தரவில்லை எனில், ஊதியமற்ற தொண்டு தரும் என்று நம்புதல் பொருந்தாது. அயல்நாட்டு மருத்துவமனைகளும் பெரும்பாலும் முறையான பணி அனுபவத்தையே கேட்கின்றன.

ஆயின் தொண்டு வீணன்று. கற்ற கைத்திறன் மங்காதிருக்கும். நோயாளியிடம் பேசும் பக்குவம் வளரும். உடன் பணியாற்றிய மருத்துவரின் நற்சொல் தனியார் மருத்துவமனை நேர்காணலில் துணை நிற்கும். இப்பயனைப் பெற மூன்று விதிகள் இன்றியமையாதவை:

1. தமிழ்நாடு செவிலியர் குழுமத்தில் பதிவு செய்த பின்னரே தொண்டில் இறங்குக.
2. காலத்தையும் நேரத்தையும் எழுத்தில் பெறுக. மூன்று மாதம் போதும். பாதி நாளைத் தேர்வுப் படிப்புக்கு ஒதுக்குக.
3. சம்பளச் செவிலியர் ஒருவரின் இடத்தை நிரப்பச் சம்பளமின்றி இரவுப் பணி தரப்படின் மறுத்துவிடுக. அது தொண்டன்று.

பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கும் இதில் பங்குண்டு. ஊரிலுள்ள புதிய செவிலியர் யார் யார் என்பதைக் கிராம சபையில் கேட்டறியலாம். ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரின் இசைவுடன், 2021 ஆகஸ்ட் 5இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பணியிலோ, மேல்மலையனூர் அமாவாசைக் கூட்டத்தின் முதலுதவியிலோ அவர்களை ஈடுபடுத்தலாம். பேருந்துச் செலவையும் உணவையும் ஊரார் ஏற்பது முறை. செய்த பணியை நாள்வாரியாகக் குறித்து, மருத்துவரின் கையொப்பத்துடன் சான்று பெற்றுத் தருதல் வேண்டும்.

அடகு வைத்த நகையைத் தொண்டு மீட்காது; உத்தியோகமே மீட்கும். அவ்வுத்தியோகத்துக்கு மகளைத் தகுதியாக்கும் அளவில் மட்டும் தொண்டை மேற்கொள்வது அறிவுடைமை.