இரவல் நரம்பு

கையில் நீலமாகப் புடைத்துத் தெரிவதை நாம் நரம்பு என்போம். உண்மையில் அது நரம்பு அல்ல. அது இரத்தக் குழாய். நரம்பு உள்ளே இருக்கிறது. வெள்ளை நூல் போல இருக்கும். வெளியே தெரியாது.

நரம்பின் வேலை என்ன? செய்தி கொண்டு போவது. கையை மடக்க நினைக்கிறோம். மூளை கட்டளை இடுகிறது. கட்டளை தண்டுவடம் வழியாக இறங்குகிறது. கழுத்துப் பக்கம் இருந்து 5 நரம்புகள் கைக்கு வருகின்றன. அவை தோளுக்கு அருகில் ஒன்றோடு ஒன்று பின்னிக்கொள்ளும். பிறகு பிரிந்து கைக்குள் போகும். கட்டளை தசையை அடைந்ததும் கை மடங்குகிறது.

இந்த நரம்புகள் அறுந்தால் கை தொங்கிவிடும். நம் நாட்டில் பெரும்பாலும் மோட்டார் சைக்கிள் விபத்தில்தான் இப்படி நடக்கிறது. ஓட்டுபவர் தோள் தரையில் மோத விழுகிறார். தலை ஒரு பக்கம் போகிறது. தோள் மறுபக்கம் போகிறது. நடுவில் உள்ள நரம்புகள் இழுபடுகின்றன. சில நேரம் வேரோடு பிய்ந்துவிடுகின்றன. தலைக்கவசம் உயிரைக் காக்கும். இந்த நரம்புகளை அது காக்காது. வண்டியின் வேகத்தைக் குறைத்தால்தான் உண்டு.

ஒரு பால்காரரை நினைத்துக்கொள்வோம். விபத்தில் அவருடைய காரை எலும்பு முறிந்தது. 2 மாதத்தில் எலும்பு கூடிவிட்டது. கை மட்டும் எழவில்லை. கிராம செவிலியர் வீட்டுக்கு வந்தார்.

"தம்பி, முழங்கையை மடக்குங்க, பார்ப்போம்."

"முடியலை சிஸ்டர். தோளையும் தூக்க முடியலை. விரல் மட்டும் அசையுது."

அம்மா சொன்னார்: "கட்டுப் போட்டு இருந்த கை இல்லையா நர்சம்மா? எண்ணெய் போட்டு நீவினால் சரியாப் போகும்னு சொல்றாங்க. தை பிறக்கட்டும்னு இருக்கோம்."

"தை வரைக்கும் வேண்டாம் அம்மா. நாளைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றார் செவிலியர்.

அவர் ஏன் அவசரப்பட்டார்? நரம்பு இல்லாத தசை நாளுக்கு நாள் சூம்பும். ஓர் ஆண்டு, ஒன்றரை ஆண்டு போனால் அது பிறகு உயிர் பெறாது. நரம்போ மெல்லத்தான் வளரும். ஒரு நாளைக்கு சுமார் 1 மில்லிமீட்டர். ஒரு மாதத்துக்கு ஓர் அங்குலம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆகவே 6 மாதத்துக்குள் அறுவை சிகிச்சை நடந்தால் நல்லது.

லேசாக இழுபட்ட நரம்பு தானே சரியாவதும் உண்டு. அதனால் டாக்டர்களும் சில மாதம் பொறுத்துப் பார்ப்பார்கள். ஆனால் அவர்கள் இடையில் சோதனை செய்துகொண்டே இருப்பார்கள். வீட்டில் சும்மா காத்திருப்பது அதுபோல ஆகாது. எண்ணெய் போட்டு நீவினால் அறுந்த நரம்பு ஒட்டாது.

வேரோடு பிய்ந்த நரம்பைத் தைக்க முடியாது. தைக்க முனை இல்லை. அப்போது என்ன செய்வது? ஒரு வாய்க்கால் உடைந்தால் பக்கத்து வாய்க்காலில் மடை திறந்து வயலுக்குத் தண்ணீர் விடுவோம் அல்லவா? அதே வேலைதான். சுண்டுவிரல் பக்கம் போகும் நரம்பில் பல இழைகள் உண்டு. அதில் ஓர் இழையை எடுத்து முழங்கையை மடக்கும் தசையின் நரம்போடு தைக்கிறார்கள். நூல் தலைமுடியைவிட மெல்லியது. நுண்ணோக்கியில் பார்த்துத்தான் தைக்க முடியும். 1994இல் பிரான்சு நாட்டு டாக்டர் ஒபெர்லின் இந்த முறையை வெளியிட்டார். தையல் தசைக்கு அருகிலேயே இருக்கிறது. அதனால் சில மாதங்களில் நரம்பு தசையைத் தொட்டுவிடும். இழை கொடுத்த விரல்களும் பொதுவாக முன்போலவே வேலை செய்யும்.

5 நரம்புகளும் அறுந்துவிட்டால் விரல் பக்கத்து நரம்பும் இருக்காது. அப்போது விலா எலும்புகளுக்கு நடுவில் ஓடும் நரம்பை எடுக்கிறார்கள். அது மூச்சு விட உதவும் நரம்பு. இங்கேதான் ஒரு வேடிக்கை. முதலில் மூச்சை ஆழமாக இழுத்தால்தான் முழங்கை மடங்கும்! தினமும் பயிற்சி செய்ய வேண்டும். போகப் போக மூளை புதிய வழியைப் பழகிக்கொள்ளும். பிறகு மூச்சை இழுக்காமலே கையை மடக்கலாம்.

எல்லாம் பழையபடி வந்துவிடும் என்று சொல்ல முடியாது. 5 நரம்பும் போனவருக்கு விரல் வேலை திரும்புவது கடினம். ஆனால் முழங்கை மடங்கினால் முன்கையில் பை மாட்டலாம். ஒரு பொருளை மார்போடு அணைத்துப் பிடிக்கலாம். பால்காரருக்கு அது சின்ன உதவி அல்ல.

காலம் கடந்து வந்தவர்களுக்கும் வேறு வழிகள் உண்டு. வேலை செய்யும் தசையின் நாரை இடம் மாற்றித் தைப்பது ஒன்று. 1940களில் வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயால் மடங்கிய விரல்களை இப்படி நிமிர்த்தினார்.

அசையாத கையை மற்றக் கையால் தினமும் மடக்கி நீட்ட வேண்டும். இல்லாவிட்டால் மூட்டு இறுகும். உணர்ச்சி இல்லாத கை சூடு அறியாது. அடுப்பு, சுடுதண்ணீர் பக்கம் கவனம் வேண்டும்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஒட்டுறுப்பு அறுவை சிகிச்சைப் பிரிவு எங்கே என்று கேளுங்கள். காப்பீட்டு அட்டை இருந்தால் கொண்டு போங்கள். விபத்து நடந்த தேதியை ஒரு தாளில் எழுதி வையுங்கள். டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.