குறை தாய்வழியில்தான் வருமா?

நம்பிக்கை: பிள்ளைக்குக் காது கேட்கவில்லை, மகள் வயதுக்கு வரவில்லை என்றால் தாயின் இரத்தத்தில்தான் குறை.

ஹட்டன், நோர்வூட், பொகவந்தலாவைப் பக்கத்து லயங்களில் இன்றும் கேட்கிற பேச்சு இது. கிரகணத்தில் வெளியே போனாள், அவள் வீட்டுச் சாபம் என்பார்கள் பெரியவர்கள். படித்த பிள்ளைகளோ, "இழைமணி தாயிடமிருந்துதானே வருகிறது" என்று அதே பழிக்கு விஞ்ஞானத்தைத் துணைக்கு அழைக்கிறார்கள். இது எனக்கு இன்னும் கவலை தருகிறது.

உண்மை: கலத்துக்குச் சக்தி தரும், மைட்டோகாண்ட்ரியா எனப்படும் இழைமணியின் டி.என்.ஏ. தாய்வழி வருவது சரி. ஆனால் அதில் இருப்பவை 37 பரம்பரையலகுகள் மட்டுமே. அவற்றில் 13தான் புரதங்களுக்கு உரியவை. அந்த 13 புரதங்களையும் செய்பவை இழைமணிக்குள் இருக்கும் தனி இறைபோசோம்கள். அந்த இறைபோசோமில் உள்ள சுமார் 80 புரதங்களும், அதைக் கட்டியெழுப்ப உதவும் துணைப் புரதங்களும் கலத்தின் கருவிலுள்ள பரம்பரையலகுகளின்படி செய்யப்படுபவை. அந்தப் பரம்பரையலகுகள் தாயிடமிருந்து ஒரு பிரதி, தந்தையிடமிருந்து ஒரு பிரதி என வருகின்றன.

சிதம்பரத்தில் பிறந்து, 2009இல் நோபல் பரிசு பெற்ற வெங்கி ராமகிருஷ்ணனும் சக ஆய்வாளர்களும் 2017இல் மனித இழைமணி இறைபோசோமைப் பாதி கட்டிய நிலையிலேயே படம்பிடித்தார்கள். இறைபோசோமுக்குப் பெரியது, சிறியது என இரு துணையலகுகள்; மால்சு1 என்ற துணைப் புரதம் வேறு இரண்டு புரதங்களோடு பெரிய துணையலகில் ஒட்டி நிற்கிறது. வேலை முடியுமுன் சிறிய துணையலகு வந்து இணைந்துவிடாமல் தடுப்பது அதன் பொறுப்பு.

எரால்1 என்ற இன்னொரு துணைப் புரதம் சிறிய துணையலகின் ஆர்.என்.ஏ.யைப் பாதுகாக்கிறது. அதே 2017இல், நெதர்லாந்தில் காது கேளாமையும் சூலகச் செயலிழப்பும் சேர்ந்திருந்த பெண்களிடம் எரால்1இன் இரு பிரதிகளிலும் விகாரம் இருப்பது தெரியவந்தது. ஒரு பிரதி தாயுடையது, மற்றது தந்தையுடையது. இப்படிப் பெற்றோர் இருவரும் ஒரே விகாரத்தைத் தாங்கியிருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் 4இல் 1 என்ற வாய்ப்பு உண்டு. மாமன் மகள், அத்தை மகன் என்று முறைக்குள் கட்டும்போது இருவரும் தாங்கிகளாக அமையும் சாத்தியம் கூடுகிறது.

நம்பிக்கை: அப்படியானால் தாய்வழியை விசாரிக்கவே தேவையில்லை.

தேவை உண்டு, பழி சொல்வதற்கு அல்ல. இழைமணி இறைபோசோமின் ஆர்.என்.ஏ. தாய்வழி டி.என்.ஏ.யிலிருந்து வருவது. அதில் 1555ஆம் இடத்தில் ஓர் எழுத்து மாறியவர்களுக்கு ஜென்டாமைசின் ஊசி செவித்திறனைப் பறிக்கலாம். தாய்வழி உறவில் யாருக்காவது ஊசிக்குப் பின் காது மந்தமாகியிருந்தால், ஊசி போடுமுன் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

நம்பிக்கை: மலையேறிக் கொழுந்து பறிப்பவரின் தீராத அசதியும் இழைமணி நோய்தான்.

பெரும்பாலும் இல்லை. முதலில் இரத்தச்சோகையைப் பாருங்கள்.

பிள்ளையின் செவியில் சந்தேகம் வந்தால் கோயில் நேர்த்தியோடு நிற்காமல் தோட்ட வைத்தியரிடம் காட்டுங்கள். பரம்பரைக் காரணம் என்றால் கொழும்பு மருத்துவ பீடத்தின் மனித மரபியல் பிரிவு போன்ற இடங்களில் ஆலோசனை கிடைக்கும். அங்கே தாயைத் தனியே அனுப்பாதீர்கள்; தந்தையும் கூடப் போங்கள்.