இரவெல்லாம் பேசும் பாவைகள்

பாவை என்றால் பொம்மை. பொம்மைக்கு உயிர் இல்லை. பேச வாய் இல்லை. ஆனாலும் அது நடக்கிறது. சண்டை போடுகிறது. அழுகிறது. நம்மையும் அழ வைக்கிறது. எப்படி? அதை ஆட்டுகிறவர் கையிலும் குரலிலும்தான் அதன் உயிர் இருக்கிறது.

பாவைக்கூத்து உலகத்தில் பல நாடுகளில் உண்டு. வியட்நாம் நாட்டில் அதைத் தண்ணீரிலேயே ஆடுகிறார்கள். அங்கே நெல் விளையும் ஊர்களில் குளங்கள் நிறைய உண்டு. அந்தக் குளமே மேடை. பொம்மைகள் மரத்தால் ஆனவை. நீர் ஊறாமல் இருக்க அவற்றுக்கு மெருகு பூசுகிறார்கள். ஆட்டுகிறவர்கள் திரைக்குப் பின்னால் இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறார்கள். நீண்ட கழியின் நுனியில் பொம்மை இருக்கும். கழி தண்ணீருக்குள் மறைந்துவிடும். பொம்மை தானாகவே நீரில் நடப்பது போலத் தெரியும். 1121ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று இந்த ஆட்டத்தைப் பற்றிச் சொல்கிறது. அப்படியானால் இதற்கு 900 ஆண்டு வயது. இன்று அந்நாட்டின் தலைநகரான ஹனோய் நகருக்குப் போகிற பயணிகள் இதைப் பார்க்காமல் திரும்புவதில்லை.

வியட்நாம் வெகு தூரம். நம்மில் எத்தனை பேரால் போக முடியும்? ஆனால் திருவனந்தபுரத்தில் வாழும் தமிழர்கள் ஒரே பகல் ரயில் பயணத்தில் போய்ப் பார்க்கக்கூடிய கூத்து ஒன்று உண்டு. அதன் பெயர் தோல்பாவைக்கூத்து. மலையாளத்தில் தோல்பாவக்கூத்து என்பார்கள். அது நடப்பது கேரளத்தில். ஆனால் அதில் பாடுவது தமிழ்ப்பாட்டு!

எங்கே நடக்கிறது?

பாலக்காடு, திருச்சூர், மலப்புறம் ஆகிய மாவட்டங்களில் இந்தக் கூத்து நடக்கிறது. பாரதப்புழை ஆற்றை ஒட்டிய ஊர்களில் பத்ரகாளி கோயில்கள் பல இருக்கின்றன. அந்தக் கோயில்களில் ஜனவரி முதல் மே வரை கூத்து நடக்கும். சில கோயில்களில் 7 இரவு. சிலவற்றில் 14 இரவு. சிலவற்றில் 21 இரவு. அதற்கு மேலும் நடக்கும் இடங்கள் உண்டு.

திருவனந்தபுரத்தில் காலையில் ரயில் ஏறினால் பிற்பகலில் ஷொறணூர் போய்விடலாம். ஷொறணூர் பக்கத்தில் கவளப்பாறை என்ற ஊர் இருக்கிறது. அங்கே உள்ள ஆரியங்காவு கோயிலில் 21 இரவுக் கூத்து நடக்கும். ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். செங்கோட்டைக்குப் பக்கத்திலும் ஓர் ஆரியங்காவு உண்டு. அது வேறு. பெயரை மட்டும் சொல்லி வழி கேட்டால் தெற்கே போய்விடுவீர்கள்!

கூத்துமாடம்

கூத்துக்கென்றே கட்டிய கட்டடம் கூத்துமாடம். அது கோயிலுக்கு வெளியே, அம்மன் சந்நிதியைப் பார்த்து நிற்கும். சுமார் 40 அடி நீளம் இருக்கும். அதன் முன்பக்கத்தில் திரை கட்டுவார்கள். திரையின் மேல்பகுதி வெள்ளைத் துணி. கீழ்ப்பகுதி கறுப்புத் துணி. வெள்ளைத் துணியில்தான் நிழல் விழும்.

திரைக்குப் பின்னால் வரிசையாக 21 விளக்குகள் எரியும். அவை பித்தளை விளக்குகள் அல்ல. தேங்காயைப் பாதியாக உடைத்த மூடிகள். அவற்றில் தேங்காய் எண்ணெய் ஊற்றித் திரி போடுவார்கள். விளக்குக்கும் திரைக்கும் நடுவில் பாவையைப் பிடிப்பார்கள். பாவையின் நிழல் திரையில் விழும். நாம் முன்பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறோம்.

திரி எரியும்போது சுடர் அசையும். சுடர் அசைந்தால் நிழலும் அசையும். அதனால் சும்மா நிற்கிற பாவைகூட மூச்சு விடுவது போல இருக்கும். மின்விளக்கில் இந்த அழகு வராது.

பாவை எப்படிச் செய்கிறார்கள்?

முன்காலத்தில் மான் தோலில் செய்தார்கள். இன்று மானைக் கொல்வது சட்டப்படி குற்றம். அதனால் ஆட்டுத் தோலைப் பயன்படுத்துகிறார்கள். தோலில் உள்ள முடியை நீக்கி, இழுத்துக் கட்டி, காய வைக்கிறார்கள். அதன் மேல் உருவத்தை வரைகிறார்கள். ஓரத்தை வெட்டி எடுக்கிறார்கள். பிறகு சிறு உளிகளால் துளை போடுகிறார்கள். நகை, ஆடைக் கரை, கிரீடம் எல்லாமே துளைகளால் ஆனவை. விளக்கு வெளிச்சம் அந்தத் துளைகள் வழியே வரும். கறுப்பு நிழலுக்குள் நகைகள் மின்னும்.

பாவையைப் பிடிக்க நடுவில் ஒரு குச்சி கட்டுகிறார்கள். கையை அசைக்க வேறொரு சிறு குச்சி. ராமாயணம் முழுவதும் ஆட 150க்கும் மேற்பட்ட பாவைகள் வேண்டும். ராமன் நிற்பதற்கு ஒரு பாவை. உட்கார்ந்திருப்பதற்கு வேறொரு பாவை. போர் செய்வதற்கு இன்னொன்று.

கன்னியாகுமரி மாவட்டத்திலும் தோல்பாவைக்கூத்து உண்டு. அங்கே பாவைகள் வண்ணமாகத் தெரியும். தோல் வழியே வெளிச்சம் ஊடுருவும். பாலக்காட்டுப் பாவை கறுப்பு நிழலாகத் தெரியும். இரண்டையும் பார்த்தவர்கள் வித்தியாசத்தை உடனே சொல்லிவிடுவார்கள்.

யாருக்காக இந்தக் கூத்து?

இதற்கு ஒரு கதை சொல்கிறார்கள். தாருகன் என்ற அசுரன் இருந்தான். அவனை அழிக்கப் பத்ரகாளி போருக்குப் போனாள். அதே நேரத்தில் இலங்கையில் ராமன் ராவணனோடு போர் செய்துகொண்டிருந்தான். காளி தன் போரில் இருந்ததால் ராமனின் போரைப் பார்க்க முடியவில்லை. அவளுக்கு அது குறையாக இருந்தது. அந்தக் குறையைத் தீர்க்கச் சிவன் ஒரு வழி சொன்னார். ஆண்டுதோறும் ராமாயணத்தைக் கூத்தாக அவளுக்குக் காட்ட வேண்டும் என்றார்.

அதனால்தான் கூத்துமாடம் அம்மனைப் பார்த்து நிற்கிறது. அம்மன்தான் முதல் பார்வையாளர். கோயிலிலிருந்து விளக்கு கொண்டுவந்து, அந்தச் சுடரால்தான் கூத்து விளக்குகளை ஏற்றுகிறார்கள். கடைசி இரவில் ராமனுக்குப் பட்டாபிஷேகம் நடக்கும். அதோடு கூத்து முடியும்.

தமிழ் எப்படி அங்கே போனது?

கூத்தில் பாடுவது கம்பராமாயணப் பாடல்கள். கம்பர் சோழ நாட்டுக்காரர். அவர் பாட்டு பாலக்காட்டுக்கு எப்படிப் போனது?

கேரளம் ஒரு காலத்தில் சேர நாடாக இருந்தது. அங்கே தமிழ் வழங்கியது. பின்னால் மலையாளம் தனி மொழியாக வளர்ந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுப் பக்கம் ஒரு பெரிய இடைவெளி இருக்கிறது. அதுதான் பாலக்காட்டுக் கணவாய். அந்த வழியாக மக்கள் காலங்காலமாகப் போனார்கள், வந்தார்கள். நெசவும் வியாபாரமும் போயின. பாட்டும் கூடவே போனது.

கூத்தில் முதலில் கம்பர் பாட்டைப் பாடுகிறார்கள். பிறகு அதன் பொருளைச் சொல்கிறார்கள். அந்தப் பேச்சில் மலையாளமும் தமிழும் கலந்து வரும். இடையிடையே வடமொழியும் வரும். உச்சரிப்பு மலையாள வாசனையோடு இருக்கும். கொஞ்சம் காது கொடுத்துக் கேட்டால் நமக்குத் தெரிந்த சொற்கள் ஒவ்வொன்றாகக் காதில் விழும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மலையாளிக்குப் புரியாத சொல் நமக்குப் புரியும். நமக்குப் புரியாததை அவர் சொல்லித் தருவார். ஒரு கூத்தைப் பார்க்க இரண்டு மொழிக்காரர்கள் ஒருவருக்கொருவர் துணை!

புலவர்கள்

பாவை ஆட்டுகிறவரை அங்கே புலவர் என்று அழைக்கிறார்கள். இது பள்ளிக்கூடத்தில் வாங்கிய பட்டம் அல்ல. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களை அவர் மனப்பாடம் செய்ய வேண்டும். பொருள் தெரிய வேண்டும். கிளைக்கதைகள் தெரிய வேண்டும். எதிரே இன்னொரு புலவர் வேறொரு பாவைக்காகக் கேள்வி கேட்பார். உடனே பதில் சொல்ல வேண்டும். இதைக் கற்கப் பல ஆண்டுகள் ஆகும். முன்பு பாடல்களை ஓலைச்சுவடியில் எழுதி வைத்திருந்தார்கள். தந்தை பாடுவார், மகன் கேட்டுப் படிப்பான்.

ஷொறணூருக்கு அருகே கூனத்தறையைச் சேர்ந்தவர் கிருஷ்ணன்குட்டிப் புலவர். இவர் கூத்தைக் கோயிலுக்கு வெளியே ஊர் ஊராகக் கொண்டுபோனார். இவருடைய மகன் ராமச்சந்திரப் புலவர். இவருக்கு 2021ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. காந்தியின் வாழ்க்கையையும் இவர்கள் பாவைக்கூத்தாக ஆடியிருக்கிறார்கள். முன்பு ஆண்கள் மட்டுமே பாவை ஆட்டினார்கள். ராமச்சந்திரப் புலவரின் மகள் ரஜிதா பெண்களைச் சேர்த்து ஒரு குழு அமைத்தார். இன்று திரைக்குப் பின்னால் பெண்களின் குரலும் கேட்கிறது.

ஆள் இல்லாத முற்றம்

இனி ஒரு வருத்தமான செய்தி. முன்பு ஊரே பாய் கொண்டுவந்து கூத்து பார்த்தது. பிறகு சினிமா வந்தது. வீட்டுக்கு வீடு தொலைக்காட்சி வந்தது. கைபேசி வந்தது. இன்று பல இரவுகளில் கூத்துமாடத்தின் முன்னால் ஆளே இருப்பதில்லை. ஆனாலும் கூத்து நிற்பதில்லை. அம்மன் பார்க்கிறாள் என்று புலவர்கள் விடியும் வரை பாடுகிறார்கள்.

நினைத்துப் பாருங்கள். எதிரே காலி முற்றம். உள்ளே விளக்குச் சூடு, எண்ணெய்ப் புகை. அதற்கு நடுவே ஒருவர் பாடலுக்குப் பொருள் சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்த நம்பிக்கைதான் கலையை இவ்வளவு காலம் காப்பாற்றியது. ஆனால் நம்பிக்கையால் மட்டும் அடுப்பு எரியுமா? இளைஞன் ஒருவன் பல ஆண்டு கற்று, கேட்க ஆள் இல்லாமல் பாட வேண்டும் என்றால், அவன் ஏன் கற்க வருவான்?

இப்போது ஒரு மணி நேரக் கூத்தை மேடைகளில் ஆடுகிறார்கள். நகரத்து மக்களும் வெளிநாட்டுப் பயணிகளும் பார்க்கிறார்கள். அதில் வருமானம் கிடைக்கிறது. அது நல்லதுதான். ஆனால் ஒரு மணி நேரத்தில் எத்தனை பாட்டுப் பாட முடியும்? மீதிப் பாட்டுகள் எங்கே வாழும்? 21 இரவுக் கூத்தில்தான் வாழும். சிறு கூத்து கலைஞருக்குச் சோறு போடுகிறது. பெரிய கூத்து கலையைக் காக்கிறது. இரண்டும் வேண்டும். பெரிய கூத்துக்கு முக்கியமாக வேண்டியது கேட்கிற காது. தமிழ் தெரிந்த காது என்றால் இன்னும் நல்லது. அது நம்மிடம் இருக்கிறது.

நீங்கள் போனால்

• கூத்து எந்த நாளில், எந்தக் கோயிலில் என்று முன்கூட்டியே விசாரியுங்கள்.
• இரவு உணவை முடித்துக்கொண்டு போங்கள். பாயும் போர்வையும் கொண்டு போங்கள்.
• திரையை நோக்கி டார்ச்சோ கைபேசி விளக்கோ அடிக்காதீர்கள். முன்னால் வெளிச்சம் விழுந்தால் நிழல் மறைந்துவிடும்.
• பாவை நெடுநேரம் அசையாமல் நிற்கும். சலித்துக்கொள்ளாதீர்கள். அப்போதுதான் புலவர் பொருள் சொல்கிறார். காதால் பார்க்க வேண்டிய கூத்து இது.
• போர் வரும் இரவுகளில் ஆட்டம் அதிகம். குழந்தைகளை அழைத்துப் போக ஏற்ற இரவுகள் அவை.
• வசதி இருந்தால் காணிக்கை கொடுங்கள். விடிந்த பிறகு புலவர்களிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வாருங்கள்.

செய்து பாருங்கள்

ஓர் அட்டையில் மான் உருவம் வரைந்து வெட்டுங்கள். உடம்பில் ஊசியால் துளைகள் போடுங்கள். ஒரு குச்சியில் ஒட்டுங்கள். வெள்ளை வேட்டி ஒன்றைக் கொடியில் தொங்க விடுங்கள். பின்னால் டார்ச் விளக்கை வையுங்கள். துணிக்குப் பக்கத்தில் எரியும் விளக்கை வைக்க வேண்டாம். மானைத் துணியை ஒட்டிப் பிடியுங்கள். நிழல் சிறிதாகவும் தெளிவாகவும் இருக்கும். விளக்கின் பக்கம் கொண்டு போங்கள். நிழல் பெரிதாகும், ஆனால் மங்கும்.

பதில் எழுதுங்கள்

1. வியட்நாம் பாவைக்கும் பாலக்காட்டுப் பாவைக்கும் என்ன வித்தியாசம்?
2. கூத்துமாடத்தில் எத்தனை விளக்குகள் எரியும்? அவை எதனால் ஆனவை?
3. யாரும் பார்க்காவிட்டாலும் கூத்து நடப்பது ஏன்?
4. உங்கள் பாட்டிக்கோ அம்மாவுக்கோ தெரிந்த பழைய பாட்டு ஒன்றைக் கேட்டு, உங்கள் கையால் எழுதி வையுங்கள். அதை வகுப்பில் படித்துக் காட்டுங்கள்.

புதிய சொற்கள்

சந்நிதி – கோயிலில் தெய்வம் இருக்கும் இடம்
கணவாய் – மலைகளுக்கு நடுவே உள்ள வழி
ஓலைச்சுவடி – பனை ஓலையில் எழுதிய பழைய நூல்
பட்டாபிஷேகம் – அரசனுக்கு முடி சூட்டும் விழா