முட்டி தாங்கும் பாரம்

மாணவர்களே, ஒரு சிறு கணக்கோடு தொடங்குவோம். ஒருவரின் எடையைக் கிலோவில் எழுதி, மீட்டரில் உள்ள உயரத்தால் இருமுறை வகுத்தால் பி.எம்.ஐ. என்னும் எண் கிடைக்கும். 1.6 மீட்டர் உயரமும் 103 கிலோ எடையும் உள்ள பெரியவருக்கு அது 40ஐத் தாண்டுகிறது. 30ஐ எட்டினால் உடல் பருமன். 40ஐ எட்டினால் கடும் பருமன். ஆசியர்களாகிய நமக்கு 23லிருந்தே ஆபத்து கூடத் தொடங்குகிறது. (உங்கள் வயதினருக்குத் தனி அட்டவணை உண்டு. இந்த எண்ணை வைத்து வகுப்பு நண்பனை எடை போடாதீர்கள்!)

இப்போது அந்தப் பெரியவரின் முட்டியைப் பார்ப்போம். சமதரையில் நடக்கும்போது, முட்டி மூட்டுக்குள் விழும் அழுத்தம் உடல் எடையைப்போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு. அவருக்கு அது அடிக்கு அடி 250 கிலோவுக்கு மேல். மாடிப்படி இறங்கும்போது மூன்று மடங்கையும் தாண்டும். சதையின் இழுப்பும் சேர்வதால்தான் இந்தப் பெருக்கம்.

இவ்வளவையும் தாங்குவது எலும்பு முனைகளை மூடியிருக்கும் சில மில்லிமீட்டர் குருத்தெலும்பு. அதற்கு ரத்தக் குழாய் இல்லை. மூட்டு அசையும்போது பஞ்சுபோல் அமுங்கி விரிந்து, சுற்றியுள்ள திரவத்திலிருந்து சத்தை உறிஞ்சிக்கொள்கிறது. நரம்பும் இல்லாததால், தேயத் தொடங்கும்போது வலி தெரிவதில்லை. வலி வரும் நேரத்தில் சேதம் பழையதாகியிருக்கும்.

பாரம் மட்டுமே காரணம் என்றால், பருமனானவர்களுக்கு விரல் மூட்டுகள் ஏன் தேய வேண்டும்? விரலால் யாரும் நடப்பதில்லையே! கொழுப்புத் திசு சும்மா கிடக்கும் மூட்டை அல்ல. லெப்டின் போன்ற சுரப்புகளையும் அழற்சியைத் தூண்டும் பொருள்களையும் அது ரத்தத்தில் கலக்கிறது. அவை குருத்தெலும்பை அரிக்கின்றன. இன்சுலின் சரியாக வேலை செய்வதையும் கெடுக்கின்றன. இனிப்புநீர், உயர் ரத்த அழுத்தம், ஈரல் கொழுப்பு, தூக்கத்தில் மூச்சுத் தடை எல்லாம் ஒன்றையொன்று கைபிடித்து வருவது இதனால்தான். 2019இல் சுகாதார அமைச்சு நடத்திய நாடு தழுவிய ஆய்வில், மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. மற்ற இனங்களைவிட இது அதிகம்.

கெடாவில் இதற்கு ஒரு வரலாறும் உண்டு. சுங்கைப்பட்டாணி, பீடோங், கூலிம் வட்டாரத் தோட்டங்களில் உங்கள் தாத்தா பாட்டி இருட்டோடு பெரட்டுக்குப் போனவர்கள். நாளுக்கு நூற்றுக்கணக்கான மரங்களை வெட்டி, காண்டா வாளியில் பால் சுமந்து நடந்த உடலுக்குத் தட்டு நிறையச் சோறும் டின் பால் ஊற்றிய தேத்தண்ணியும் தேவைப்பட்டன. பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. 1996இல் கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா திறந்தது. தொழிற்சாலை பஸ் வீட்டு முன்னாலேயே வந்து நிற்கிறது. நடை போய்விட்டது, சாப்பாட்டின் அளவு மட்டும் பழைய லயத்திலேயே நிற்கிறது என்பது என் எண்ணம். தோட்டப் பிள்ளைகள் சோம்பேறிகளாகிவிட்டார்கள் என்று பெரியவர்கள் சொல்லும்போது இதையும் நினைத்துப் பாருங்கள். மரபணுவுக்கும் இதில் பங்குண்டு. கேலி செய்து யாரையும் மெலிய வைக்க முடியாது.

முட்டி வலித்தால் நடை குறைகிறது, நடை குறைந்தால் எடை ஏறுகிறது, எடை ஏறினால் மறுபடியும் வலி. இந்தச் சுழலை உடைக்க 50 கிலோ இளைக்க வேண்டியதில்லை. அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் நகரில் நடந்து 1992இல் வெளியான ஆய்வில், பத்தாண்டில் சுமார் 5 கிலோ குறைத்த பெண்களுக்கு முட்டித் தேய்மானம் வரும் வாய்ப்பு பாதியாகக் குறைந்தது. தினமும் குடிக்கும் தே தாரிக், சிராப், மைலோ ஐஸ் ஆகியவற்றில் கை வைப்பதே எளிய தொடக்கம். கடும் பருமன் உள்ளவர்கள் அரசாங்க கிளினிக்கில் காட்ட வேண்டும். மருந்தும் அறுவைச் சிகிச்சையும் இன்று உண்டு.

வீட்டில் பாட்டிக்கு முட்டி வலியா? கடையில் வலி மாத்திரை வாங்கித் தொடர்ந்து விழுங்குகிறாரா என்று கவனியுங்கள். இனிப்புநீரும் ரத்த அழுத்தமும் உள்ளவருக்குச் சில வலி மாத்திரைகள் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கைத்தடியை வலிக்கும் காலின் பக்கம் பிடித்திருந்தால் மறு கைக்கு மாற்றச் சொல்லுங்கள். அப்போதுதான் மூட்டின் பாரம் குறையும். நாற்காலியில் உட்காரவைத்து, ஒரு காலை நேராக நீட்டி ஐந்து வினாடி வைத்திருந்து இறக்கச் சொல்லுங்கள். காலுக்குப் பத்து முறை போதும். தொடைச் சதை வலுத்தால் முட்டிக்குத் தாங்கல் கிடைக்கும். நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து செய்தால் அவர் விடமாட்டார்.